மிச்சம் வைத்த வசனம்

நெற்றியில் சங்கரநயினார் கோயில் புற்றுமண் இருக்கிறது. வாயில் கடவாய்ப் பல் ஒன்று மட்டும் சொந்தம், மற்றதெல்லாம் செட்டு. இரண்டின் மேலும் சத்தியம். நான் சொல்லப்போவதில் ஒரு சொல் கூடுதல் கிடையாது, ஒரு சொல் குறைவும் கிடையாது. என் சிநேகிதன் பொன்னுச்சாமியின் சம்பந்தி மகாராஜன் அண்ணாச்சிக்கு நடந்தது. அவரே என் பக்கத்தில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துச் சொன்னது. அங்கே இங்கே காற்றுவாக்கில் வந்த கதை இல்லை.

செல்போன் வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள். நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டப் போட்டுக்கொண்டாலும் தப்பில்லை.

சாயங்காலம் ஆறு நாற்பது. கார்த்திகை மாசம். ராஜபாளையம் ரோட்டில், ஊருக்கு வெளியே ஒன்றரைக் கிலோமீட்டர்.

ஒரு பக்கம் குளம். இன்னொரு பக்கம் கருவேலங்காடு. பஸ் போனால் வெளிச்சம், போய்விட்டால் கும்மிருட்டு. தூரத்தில் விசைத்தறிக் கொட்டகைகளிலிருந்து சடக்... சடக்... சடக்... என்று ஒரே சத்தம். எழுபத்து மூன்று வயது மகாராஜன் அண்ணாச்சி ரோட்டு ஓரமாக வீட்டைப் பார்த்து நடந்து வருகிறார். தனியாகத்தான் வருகிறார். ஆனால் பேசிக்கொண்டு வருகிறார். ஒரு வரி பேசுவார், நிற்பார், தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார், அடுத்த வரி பேசுவார். அந்த நேரத்தில் அப்படி ஒரு ஆள் எதிரே வந்தால் பேயே பயந்து காட்டுக்குள் ஒதுங்கியிருக்கும்.

ஒதுங்கவில்லை. அதுதான் கதை.

அவர் ஏன் அப்படி வந்தார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ரோட்டில் பூட்டிக் கிடந்த ஒரு தீப்பெட்டி ஆபீஸை யாரோ டிரஸ்ட்காரர்கள் எடுத்து, அறுபது தாண்டியவர்களுக்காக அந்திப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். திங்களும் செவ்வாயும் செல்போன், கம்ப்யூட்டர். புதன் இங்கிலீஷ். வியாழன், வெள்ளி நாடகம். ஊரில் அதற்குக் கிழட்டுப் பள்ளிக்கூடம் என்று பேர். படிக்கிறவர்களுக்கே அந்தப் பேர்தான் பிடித்திருந்தது. தாமதமாக வந்தால் பெஞ்சு மேல் ஏற்ற முடியாது, முட்டு தாங்காது. மற்றபடி எல்லாப் பள்ளிக்கூடமும் போலத்தான். குச்சிக்கு வைத்த மருந்தின் வாடை மட்டும் சுவரை விட்டுப் போகவே இல்லை. மழை பெய்தால் யாரோ உள்ளே தீக்குச்சி உரசின மாதிரி மூக்கில் ஏறும்.

மகாராஜன் வேளாண்மை ஆபீஸில் சூப்பரிண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி கனகலட்சுமி போய் மூன்று வருசம். சொந்த வீட்டில் தனியாக இருந்தார், அப்படியே இருக்கத்தான் ஆசைப்பட்டார். தீபாவளிக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த மகள் மாலாதான் அதில் கை வைத்தாள்.

"அப்பா, வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துருங்க."

"இங்கன எனக்கு என்ன கொறை?"

"கேஸ அணைக்க மறக்கீங்க. மாத்திரைய ரெண்டு தடவை போடுதீங்க. நேத்து என்னைய அம்மா பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்க."

"அவ சாயல் ஒனக்கு இருந்தா நான் என்ன செய்ய?"

மாலா சிரிக்கவில்லை. அவள் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் பரீட்சை வைத்துத்தான் முடிவு செய்வாள்.

"சரி. நாடகத்துல நடிக்கேன்னு சொல்லுதீங்கள்ளா. நான் வந்து முன்வரிசையில உக்காருதேன். ஒரு வசனம் விடாம சொல்லிட்டீங்கன்னா, நீங்க இங்கனயே இருங்க. இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு விட்டாலும் அன்னைக்கே எங்கூடக் கெளம்பணும்."

"ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்துப் போடவா?"

"வேண்டாம். நீங்க மறந்தாலும் நான் மறக்க மாட்டேன்."

அன்றிலிருந்து அண்ணாச்சிக்கு அந்த நாடகம் நாடகம் இல்லை. வீட்டுப் பத்திரம்.

இனி நாடகத்தைப் பற்றி. எழுதினது ஜஸ்டஸ் சார். தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், பள்ளிக்கூடத்தில் முதல் செட்டு மாணவர். நடிக்க வராது. மேடையின் இடது பக்கத் தட்டிக்குப் பின்னால் ஒரு பிரம்பு நாற்காலி போட்டு, மடியில் நோட்டை விரித்துக்கொண்டு, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பார். முதலில் லேசாக ஒரு இருமல். அப்புறம் வசனம். மேடையில் இருக்கிறவருக்கு மட்டும் கேட்கும், முன்வரிசைக்குக் கேட்காது. பக்கத்தில் போனால் நீலகிரித் தைலம் மணக்கும்.

கதை சின்னதுதான். ஒரு பெரிய வீட்டில் ஒரு கிழவர். அவரை வெளியே கிளப்ப வரிசையாக ஆட்கள் வந்து கதவைத் தட்டுகிறார்கள். ஒருத்தருக்கும் திறக்க மாட்டார். கடைசியில், அந்தி நேரத்தில், ஒரு தட்டல். யாரென்று கேட்காமலே கிழவர் சொல்லுவார்: 'கதவு தொறந்துதான் கெடக்கு. உள்ள வாங்க.' படுதா விழும். வருகிறது யார் என்று நோட்டில் இல்லை. கேட்டால் ஜஸ்டஸ் சார், "அன்னைக்குப் பாத்துக்கிடுங்க" என்பார்.

அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். கடைசி வசனத்தை ஒத்திகையில் சொல்லக் கூடாது. மேடைக்கு மிச்சம் வைக்க வேண்டும். அந்த இடம் வந்தால் கிழவராக நடிக்கிறவர் வாயை மூடிக்கொண்டு விரலால் மூன்று தடவை மேசையில் தட்டுவார், ஒத்திகை முடிந்தது என்று அர்த்தம். வீட்டில், ரோட்டில், கக்கூசில், எங்கேயும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. கேலி செய்தார்கள். ஆனால் யாரும் சொல்லவில்லை.

போன வருசம் ஒரு வியாழக்கிழமை, மூன்றாம் காட்சி. மேடையில் இருந்தவர்களுக்கு வசனம் மறந்துவிட்டது. தட்டிப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றார்கள். வரும், வரும் என்று... கால் மணி நேரம் நின்றார்கள். பிறகுதான் ஒருத்தர் எட்டிப் பார்த்தார். நோட்டு மடியில் விரிந்திருந்தது. விரல் அடுத்த வரியில் இருந்தது.

நாடகம் அந்த வருசம் நடக்கவில்லை. இந்த வருசம் புதிதாக வந்த டீச்சர் ப்ரியதர்ஷினி அதே நோட்டைக் கையில் எடுத்தாள். திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பெண், இருபத்தாறு வயது. கடைசி வசனச் சட்டம் அவளுக்கும் பிடித்திருந்தது. ஆனால் தட்டிக்குப் பின்னால் ஆள் வைக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

"மறந்தா மறந்தபடியே நில்லுங்க சார். வயசானவங்க மறந்து நிக்கிறதும் நடிப்புதான்."

"அத என் மககிட்டச் சொல்லும்மா" என்றார் மகாராஜன்.

பிரம்பு நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லவும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரு பச்சை பீரோ உண்டு. யாராவது தவறிப்போனால் வீட்டார் அவருடைய கண்ணாடி, கைத்தடி, காது மிஷின் இதையெல்லாம் அதில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள், பேர் எழுதி ஒட்டி. தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்வார். பாதிப் பேர் செத்தவர்களின் கண்ணாடி வழியாகத்தான் இங்கிலீஷ் படித்தார்கள். மகாராஜனின் காது மிஷின் குளிக்கிறபோது வாளியில் விழுந்துவிட்டது. புதிது வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். பீரோவில் இருந்தது ஒன்றே ஒன்று. ஒட்டியிருந்த பேர் ஜஸ்டஸ்.

ஜஸ்டஸ் சாரின் மனைவி தங்கபாயும் அங்கேதான் செல்போன் வகுப்பில் படித்தார். ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார் மகாராஜன்.

"தாராளமா எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. அவுக காதுல இருந்தத விட, என் பேச்சுக் கேக்கக் கூடாதுன்னு கழத்தி வச்சிருந்த நேரந்தான் கூட."

மாட்டின முதல் நாளே வேலை செய்தது. இரண்டாம் காட்சியில் அண்ணாச்சிக்கு நடுவில் ஒரு வரி அறுந்துபோனது. வாயைத் திறந்தபடி நிற்கிறார். காதுக்குள் கிய்ய்... என்று ஒரு கீச்சு. அப்புறம் லேசான ஒரு இருமல். அப்புறம், தெளிவாக, அடுத்த வசனம்.

சொன்னார். நாடகம் ஓடியது. ஒத்திகை முடிந்ததும் கூட நடிக்கிற முகம்மது ஆரிப்பின் தோளில் தட்டினார். ஆரிப் பாய் பஸ் டிரைவராக இருந்தவர். கடைசிக் காட்சியில் வெளியே நின்று கதவைத் தட்டுகிறது அவர்தான்.

"நல்ல நேரத்துல எடுத்துக் குடுத்தீரு பாய்."

"நான் டீக்கடைக்குல்லா போயிருந்தேன் அண்ணாச்சி. ஒங்களுக்கு வடை வாங்கியாந்துருக்கேன், பாருங்க."

வடை சூடாக இருந்தது. அண்ணாச்சி தின்றார். ஒன்றும் கேட்கவில்லை. நீங்களாக இருந்தால் மிஷினைக் கழற்றிக் குளத்தில் எறிந்திருப்பீர்கள். உங்களுக்கு வீடு போகிற பயம் இல்லை. கொடுக்கிறது யாராக இருந்தால் என்ன, வசனம் சரியாக இருந்தது.

மூன்று வாரம் இப்படியே போனது. ஒத்திகையில் ஒரு வரி பிசகவில்லை. அது ஒரு வரி சொல்லும், இவர் ஒரு வரி சொல்லுவார். கொஞ்ச நாளில் யோசிக்கிறது நின்றுபோனது. காதில் விழுந்தது வாயில் வந்தது.

இப்போது அந்த ஆறு நாற்பதுக்கு வாருங்கள். குளத்து ரோடு. அது சொல்லச் சொல்ல, இவர் திருப்பிச் சொல்லிக்கொண்டே நடந்தார். முதல் காட்சி முடிந்தபோது குளக்கரை தாண்டியது. இரண்டாம் காட்சியில் தறிக் கொட்டகை. மூன்றாம் காட்சியில் தெருமுனை. வாசலில் நின்று சாவியைத் துவாரத்தில் விட்டுத் திருகி, கதவைத் தள்ளவும்...

கரண்டு போனது.

ஊர் முழுக்க தறி நின்றது. அவ்வளவு நேரம் சடக் சடக் என்று கேட்ட காதுக்கு, அந்த அமைதிதான் பெரிய சத்தமாக இருந்தது.

லேசான ஒரு இருமல்.

'கதவு தொறந்துதான் கெடக்கு. உள்ள வாங்க.'

"கதவு தொறந்துதான் கெடக்கு" என்றார் அண்ணாச்சி. "உள்ள வாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. நாக்கைக் கடித்தார். தாமதமாகிவிட்டது.

முதுகுக்குப் பின்னால், வாசற்படியில்... ஒரு ரப்பர் செருப்பு கழன்று விழுகிற சத்தம். டப். கொஞ்சம் பொறுத்து, வயசானவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுத்த காலைத் தூக்க எடுக்கிற நேரம்... இன்னொன்று. டப்.

அண்ணாச்சி திரும்பவில்லை. அவருடைய வலது தோளை உரசின மாதிரி ஒரு காற்று உள்ளே போனது. நீலகிரித் தைலம். அடியில் தீக்குச்சி மருந்து.

கரண்டு வந்தது. படியில் அவருடைய செருப்பு மட்டும்தான் கிடந்தது. கூடத்தில் மேசைக்கு அடியில் தள்ளியிருந்த நாற்காலி ஒன்று வெளியே இழுத்துப் போடப்பட்டிருந்தது, சுவரோரமாக, இடது பக்கம்.

மிஷினைக் கழற்றினார். அதற்குள் போடுகிற பொட்டு பேட்டரி பத்து நாளைக்கு மேல் வராது. மூன்று வாரமாக மாற்றவே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. மூடியை நகத்தால் நெம்பித் திறந்தார். பேட்டரி இல்லை. பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. குறைந்தது ஒரு வருசக் களிம்பு.

மிஷினை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, மறுநாளே பச்சை பீரோவில் கொண்டுபோய் வைத்துவிட்டார். அதோடு ஒழிந்தது என்று வீட்டுக்கு வந்து அடுப்படியில் கால் வைக்கிறார்.

இருமல். 'கேஸு.'

காதில் ஒன்றும் இல்லை. வெறும் காது. பார்த்தால் அடுப்பு திருகினபடி இருக்கிறது, நெருப்பு இல்லை. பாய்ந்து அணைத்தார்.

யோசித்துப் பாருங்கள், அது அவருக்குக் கெடுதல் ஒன்றும் செய்யவில்லை. காலையில் 'நீல மாத்திரை' என்று சொல்லும். இரண்டாம் தடவை எடுக்கப் போனால் 'போட்டாச்சு' என்று சொல்லும். போன் அடித்தால் 'மாலா' என்று சொல்லும். பேச வேண்டியதையும் அதுவே சொல்லும்.

"என்னப்பா, பத்து வயசு கொறஞ்ச மாதிரிப் பேசுதீங்க" என்றாள் மாலா, ஒரு நாள் போனில்.

'பள்ளிக்கூடம் போறேம்லா.'

"பள்ளிக்கூடம் போறேம்லா."

"நல்லது. ஆமா... பக்கத்துல யாரு இருமுதது?"

'டிவி.'

"டிவி" என்றார் அண்ணாச்சி. டிவி அணைந்து கிடந்தது. கறுப்புக் கண்ணாடியில் கூடம் தெரிந்தது, அவர் தெரிந்தார், சுவரோர நாற்காலி தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் உற்றுப் பார்க்கவில்லை.

மார்கழி பிறந்தது. ஒரு நாள் காலையில் பால் கடையில் அரை லிட்டர் என்று சொல்லப் போனவருக்கு வாய் வரவில்லை. அரை லிட்டர் என்று தெரியும். வாய்தான் வரவில்லை, யாராவது எடுத்துக் கொடுத்தால் அல்லவா வரும். பத்து நிமிசம் நின்றார். கடைக்காரர் கோமதிசங்கர், "என்ன அண்ணாச்சி, மௌன விரதமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளுக்கு ஊற்றினார். வெறும் பாத்திரத்தோடு திரும்பி வந்தார் அண்ணாச்சி.

அன்று சாயங்காலம், ஆறு நாற்பதுக்கு, சுவரோரத்திலிருந்து நாடகத்தில் இல்லாத வசனம் வந்தது.

'மாலா வரட்டும்.'

அண்ணாச்சி வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

'மாலாவுக்கு ஒரு நாற்காலி போடணும். அடுத்த நாடகத்துக்கு ஆள் பத்தாது.'

விடிகிற வரை அவர் உட்கார்ந்தே இருந்தார். விடிந்ததும் தங்கபாய் வீட்டுக்குப் போனார். அந்த அம்மா ஜன்னலோரத்தில் வேதபுத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கிற வரை அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றவே இல்லை.

"கடைசி வசனத்த வெளிய சொன்னீங்களா?"

"வீட்டு வாசல்ல."

"நெனச்சேன்." புத்தகத்தை மூடினார். "அம்பது வருசம் அவுக கூடக் குடும்பம் நடத்தியிருக்கேன் அண்ணாச்சி. நான் சொன்னா ஒண்ணும் கேக்க மாட்டாக. ஊரு சொன்னாலும் கேக்க மாட்டாக. மேடையில ஒருத்தர் வசனமாச் சொன்னா மட்டும் அதுக்குக் கட்டுப்படுவாக. அப்பிடி ஒரு மனுசன்."

"அதுக்கு?"

"வசனத்துல கூப்பிட்டீங்க, வந்தாக. வசனத்துலயே அனுப்பி வைங்க. மேடையில, நாலு பேர் முன்னால, அந்தக் கடைசி வசனத்துக்குப் பதிலா."

"வசனத்த மாத்துனா நான் மறந்துட்டேன்னுல்லா மாலா நெனைப்பா. வீடு போயிருமேம்மா."

தங்கபாய் கண்ணாடியைக் கழற்றிப் புத்தகத்தின் மேல் வைத்தார்.

"மக வேணுமா, வீடு வேணுமான்னு நீங்கதான் பாத்துக்கிடணும்."

தை மாசம், ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. தீப்பெட்டி ஆபீஸில் இருநூறு நாற்காலி. வாசலில் முருகம்மாள் சுண்டல் வைத்துக் கொடுத்தாள். முன்வரிசை நடுவில் மாலா. ஒரு கையில் நோட்டின் ஜெராக்ஸ், இன்னொரு கையில் பென்சில். ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு டிக். ப்ரியதர்ஷினியே அவளிடம் பிரதியைக் கொடுத்திருந்தாள், அப்பா நடிக்கிறதை மகள் ஆசையாகப் பார்க்கிறாள் என்று நினைத்து.

அண்ணாச்சி மேடை ஏறினார். புதுக் காது மிஷின், புதுப் பேட்டரி. ஆனாலும் தட்டிக்குப் பின்னால் இருமல் கேட்டது. ஒவ்வொரு வரிக்கும் கேட்டது. அவர் இந்தத் தடவை காத்திருக்கவில்லை. ஒரு மாதமாக, கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்து, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து முழு நோட்டையும் உருப்போட்டிருந்தார். இருமல் வருவதற்குள் வசனத்தைச் சொல்லிவிடுவார். அது துரத்த, இவர் ஓட. வேர்த்து வேட்டி நனைந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். கிழவர் என்னமாய்ப் பேசுகிறார் என்று. மாலா டிக் போட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து சிரித்தாள், சின்னப் பிள்ளையில் சிரித்த மாதிரி.

கடைசிக் காட்சி. மேடையில் அவர் மட்டும். வெளிச்சம் மங்கினது. வெளியே ஆரிப் பாய் கதவைத் தட்டினார். மூன்று தட்டல்.

இருமல். 'கதவு தொறந்துதான் கெடக்கு. உள்ள வாங்க.'

அண்ணாச்சி பேசவில்லை.

'கதவு தொறந்துதான் கெடக்கு. உள்ள வாங்க.'

பேசவில்லை. முன்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். ஆரிப் பாய் மறுபடியும் தட்டினார். பிறகு கதவு இடுக்கில் வாயை வைத்து, "அண்ணாச்சி, வசனம்... மறந்துட்டீகளா? சொல்லட்டுமா?" என்றார்.

'உள்ள வாங்க. உள்ள வாங்க. உள்ள வாங்க.' தட்டியே அதிர்கிற மாதிரி இருந்தது. பிரம்பு நாற்காலி கிரீச்சிட்டது. மருந்து வாடை நெஞ்சை அடைத்தது.

மாலாவின் பென்சில் காகிதத்துக்கு மேலே நின்றது. அவளுடைய கண்ணில் இருந்தது கோபம் இல்லை. நம் அப்பாவுக்கு இப்படி ஆகிவிட்டதே என்கிற பார்வை. அந்தப் பார்வையைப் பார்த்தபடியே அண்ணாச்சி இடது பக்கம் திரும்பினார். தட்டியைப் பார்த்துக் கை கூப்பினார்.

"வந்த வேலை முடிஞ்சிட்டு சார்" என்றார். "போயிட்டு வாங்க."

பிரம்பு நாற்காலியில் இருந்து ஒரு ஆள் கையை ஊன்றி எழுந்திருக்கிற சத்தம். ரப்பர் செருப்பு, ஒன்று... இன்னொன்று... காலில் மாட்டுகிற சத்தம். வாடை அறுந்தது. இருமல் இல்லை.

படுதா விழுந்தது. கைதட்டல் ஓயவில்லை. பழைய முடிவை விட இதுதான் நன்றாக இருக்கிறது என்று ப்ரியதர்ஷினியே சொன்னாள். மாலா மட்டும் ஜெராக்ஸை மடித்துக் கைப்பையில் வைத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு வசனம். நானூற்றுப் பதினொரு டிக்.

"ஒண்ணே ஒண்ணுப்பா" என்றாள், மெதுவாக.

"சரி தாயி. கெளம்புவோம்."

அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேச்சு தானாகவே வந்தது, யாரும் எடுத்துக் கொடுக்காமல். அதுவே போதுமாக இருந்தது அவருக்கு.

கோயம்புத்தூரில் ஆறாவது மாடி. நாலு மாசம் ஒரு குறையும் இல்லை. கேஸை மாலா அணைத்தாள், மாத்திரையை மாலா எடுத்துக் கொடுத்தாள். அண்ணாச்சிக்குச் சதை கூட வைத்தது.

வைகாசியில் ஒரு நாள். மருமகன் வெளியூர். மாலா அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி கூடத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். வெளிக்கதவைத் தாழ்ப்பாள் போட்டு, மேல் கொண்டியும் மாட்டியிருந்தார், அது அவருடைய வழக்கம். திடீரென்று தைல வாடை. கை தானாகக் காதுக்குப் போனது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆறு நாற்பது.

கதவில் மூன்று தட்டல். காலிங்பெல் இருக்கிற வீட்டில், தட்டல்.

அப்போதுதான் அவருக்குத் தான் செய்தது விளங்கியது. எழுபத்து மூன்று வருசத்தில் வீட்டுக்கு வந்த யாரையும் அவர் வெறுமனே 'போங்க' என்று சொல்லி அனுப்பினதில்லை. நாய்க்குக்கூடச் சொன்னதில்லை. அத்தனை பேர் முன்னால், மேடையில், வசனமாகச் சொன்னபோதும் மரியாதை விடவில்லை. சார் போய்விட்டு வந்திருக்கிறார். சொன்ன வசனத்துக்குக் கட்டுப்பட்ட மனுசன்.

எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. "மாலா, பேசாத" என்று சொல்லப் பார்த்தார். வாய் வரவில்லை. யாராவது எடுத்துக் கொடுத்தால் அல்லவா வரும்.

அடுப்படியில் கத்தி சத்தம் நின்றது. மாலா திரும்பவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது. லேசாக ஒரு தடவை இருமினாள்.

"கதவு தொறந்துதான் கெடக்கு" என்றாள். "உள்ள வாங்க."

தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது, மேல் கொண்டி கீழே விழுந்தது. அப்புறம் வாசலில், ஒரு ரப்பர் செருப்பு. டப். கொஞ்சம் பொறுத்து...

அதற்கு மேல் மகாராஜன் அண்ணாச்சி சொல்லவில்லை. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவர், தெற்கு ரத வீதியில், அவ்வளவு கூட்டத்தில், பூட்டின கடை வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் சொன்னார். நான் ஒரு இடத்தில்கூட குறுக்கே பேசவில்லை, தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். எழுந்து போகும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

அன்றைக்கு என் காது மிஷினை வீட்டில் ஜன்னல் மேல் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தேன்.